அக்டோபர் 19 ராத்திரி டால்வி தானாகவே படையைப் பின்னுக்கு இழுத்திருக்கலாமா?

மலைப்பாதை:

1962 இந்திய-சீனப் போர் பற்றி இழை போட்டாலே நேரு, கிருஷ்ண மேனன் என்று ஆரம்பித்து மூன்றாவது பதிவிலேயே கட்சிச் சண்டையாகிவிடும். நான் அதற்கு வரவில்லை. எனக்கு ஒரே ஒரு ராத்திரியைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய அருணாசலப் பிரதேசத்தில், தவாங்குக்கு மேற்கே, பூட்டான் எல்லையை ஒட்டி நம்கா சூ என்று ஒரு ஆறு. வடக்கே தக் லா மலைமுகடு, அங்கே சீனர்கள். தென்கரையில், தண்ணீர் ஓரத்திலேயே, மரக்கட்டைப் பாலங்களுக்குக் காவலாக நம்முடைய 7வது காலாட்படை பிரிகேட். தலைவர் பிரிகேடியர் ஜான் டால்வி. 2 ராஜ்புத், 9 பஞ்சாப், 1/9 கூர்க்கா, 4 கிரனேடியர்ஸ் என்று நான்கு பட்டாலியன்கள், ஆற்றோரமாக மைல் கணக்கில் சிதறிக் கிடக்கிறார்கள். மேலே இருக்கிறவனுக்குக் கீழே டீ கொதிப்பதுகூடத் தெரியும், அப்படி ஒரு இடம். பலருக்குப் பருத்திச் சீருடை, ஒரு கம்பளி, ஐம்பது தோட்டா. சாங்தாரில் விமானத்திலிருந்து போட்ட மூட்டைகளில் பல பள்ளத்தாக்கில் உருண்டு போய்விட்டன.

செப்டம்பர் 8ஆம் தேதி சீனர்கள் இறங்கிவந்து அங்கே இருந்த நம் காவல்நிலையான தோலா போஸ்ட்டை நெருக்கினார்கள். அன்றிலிருந்து டெல்லி சொன்னது ஒன்றுதான்: அவர்களை விரட்டு. அக்டோபர் 10க்குப் பிறகு விரட்டும் பேச்சு அடங்கிவிட்டது, ஆனால் ஆற்றங்கரையை விட்டு நகராதே என்ற உத்தரவு மட்டும் அப்படியே நின்றது. 19ஆம் தேதி எதிர்க்கரையில் சீனர்கள் கூட்டம் கூட்டமாகச் சேருவது வெறும் கண்ணுக்கே தெரிகிறது. டால்வி டிவிஷன் கமாண்டர் நிரஞ்சன் பிரசாத்துக்குப் போன் போட்டுப் பின்வாங்க அனுமதி கேட்கிறார். கிடைக்கவில்லை. என் ஆட்கள் சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட ராஜினாமா செய்துவிடுகிறேன் என்கிற அளவுக்குப் பேச்சு போகிறது. போனை வைத்தபிறகும் அங்கேயே இருந்தார்.

மறுநாள் விடிகாலை பீரங்கி ஆரம்பித்தது. 2 ராஜ்புத்தில் 513 பேர் இருந்தார்கள், அதில் இறந்தவர்கள் 282.

என் கேள்வி இதுதான். போனை வைத்த கையோடு, யாரையும் கேட்காமல், ராத்திரியோடு ராத்திரியாக அந்த நான்கு பட்டாலியன்களையும் மேட்டுக்கு ஏற்றியிருந்தால் அது குற்றமா, கடமையா?

கரிசல்காட்டான்:

குற்றம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிரிகேடியர் தன் மனசுக்குப் பட்டதைச் செய்தால், கீழே இருக்கும் கர்னல் அவர் மனசுக்குப் பட்டதைச் செய்வார், சுபேதார் அவர் மனசுக்கு. அப்புறம் அதற்குப் பெயர் பட்டாளமா, சந்தையா?

அதே வருஷம் நவம்பர் 18, லடாக்கில் ரெசாங் லா கணவாய். 13 குமாவுனின் ஒரே ஒரு கம்பெனி, மேஜர் ஷைத்தான் சிங். நடுவில் மலைமுகடு மறித்ததால் நம் பீரங்கி உதவிக்கு வர வழியில்லை. சுமார் 120 பேரில் 110க்கும் மேல் செத்தார்கள். அவர் யாருக்கும் போன் போட்டு ராஜினாமா பற்றிப் பேசவில்லையே.

மலைப்பாதை:

ரெசாங் லா வரும் என்று தெரியும். ஆனால் ரெசாங் லாவுக்குப் பின்னால் சுஷுல் இருந்தது, விமானத்தளம் இருந்தது. அந்தக் கணவாயைப் பிடித்து வைத்ததற்கு அர்த்தம் இருந்தது. நம்கா சூவுக்குப் பின்னால் என்ன இருந்தது? 7வது பிரிகேடின் உண்மையான வேலையே தவாங்கைக் காப்பது. அங்கிருந்து பிடுங்கித்தான் இவர்களைக் கொண்டுபோய் அந்தப் பள்ளத்தில் நிறுத்தினார்கள். ஆக இவர்கள் நின்ற இடத்தில் காக்க ஒன்றுமில்லை, காக்க வேண்டிய இடத்தில் ஆள் இல்லை.

வக்கீல்வண்டி:

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். ராணுவச் சட்டம் 1950, பிரிவு 41. மேலதிகாரியின் ‘சட்டப்படியான’ கட்டளையை மீறினால், களப்பணியில் 14 வருஷம் வரை சிறை. அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கையைத் தூக்கி நிற்கும் கைதியைச் சுடு என்றால் அது சட்டப்படியான கட்டளை இல்லை, மறுக்கலாம், மறுத்தே ஆக வேண்டும். ஆனால் ‘அந்த ஆற்றங்கரையில் நில்’ என்பது நூறு சதவீதம் சட்டப்படியான கட்டளை. முட்டாள்தனமான கட்டளைக்கு எதிராகச் சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது.

அதோடு பிரிவு 34 இருக்கிறது. ஒப்படைத்த காவலிடத்தை வெட்கக்கேடாகக் கைவிட்டால் மரண தண்டனை வரை போகலாம். டால்வி 19ஆம் தேதி ராத்திரி பின்வாங்கி, 20ஆம் தேதி சீனர்கள் தாக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘தாக்குதலே நடக்காத இடத்தை விட்டு ஓடிய பிரிகேடியர்’ என்று கோர்ட் மார்ஷல். அவர் சொன்னது சரி என்று நிரூபிக்க அவருடைய ஆட்கள் செத்திருக்க வேண்டும். இந்த வழக்கை யார் வாதாடுவது, சொல்லுங்கள்.

ஓய்வு_சிக்னல்ஸ்:

தம்பிகளே, நான் சிக்னல்ஸில் 24 வருஷம், ஹவில்தாராக வெளியே வந்தவன். பெரிய பெரிய ஜெனரல்களைப் பற்றி நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன், யூனிட் பெயர், இடம் எதுவும் கேட்காதீர்கள்.

பனிமலைப் போஸ்ட். நாங்கள் 11 பேர், தலைவர் ஒரு கேப்டன் சாப், வயது 25 இருந்தால் அதிகம். மூன்று நாள் விடாமல் பனி. நான்காம் நாள் காலை கீழே இருந்து வயர்லெஸ் செட்டில் உத்தரவு, எதிர் முகடு வரைக்கும் ரோந்து போய்விட்டு வா என்று. புதுப்பனி விழுந்த சரிவில் கால் வைக்கக்கூடாது என்பது அங்கே லங்கர் (சமையல்கூட) பையனுக்குக்கூடத் தெரியும். கேப்டன் சாப் மரியாதையாகச் சொன்னார், சரிவு சரியில்லை, ஒரு நாள் பொறுக்கலாம் என்று. அந்தப் பக்கம் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது தடவையும் சொன்னார். குரல் உயர்ந்தது, அந்தப் பக்கத்துக் குரல்.

அவர் ஹெட்செட்டை எடுத்து என் மடியில் வைத்தார். என்னைப் பார்த்து, ‘ஹவில்தார், இன்றைக்கு பாட்டரி சரியில்லை இல்லையா?’ என்றார். பாட்டரி முந்தின ராத்திரிதான் ஏற்றியது. நான் ஒரு நிமிஷம் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் பிறகு விசாரணை வந்தால் லாக் புத்தகத்தில் கையெழுத்து என்னுடையது. அப்புறம், ‘ஆமாம் சாப், குளிரில் இறங்கிவிட்டது’ என்றேன். இணைப்பைக் கழற்றினேன். பாட்டரியை எடுத்து என் தூக்கப்பைக்குள் வைத்துச் சூடுபடுத்துவது மாதிரி உட்கார்ந்தேன். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஒருவன் மட்டும் எழுந்துபோய் டீ போட்டான்.

மறுநாள் காலை செட் ‘சரியானது’, ரோந்து போய்விட்டு வந்தது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்தச் சரிவில் அன்றைக்கும் பனி சரியவில்லை, மறுநாளும் சரியவில்லை, நான் கீழே இறங்கும் வரைக்கும் சரியவே இல்லை. ஆக அவர் எங்களைக் காப்பாற்றினாரா, இல்லை பொய் சொல்லி ஒரு ரோந்தைத் தள்ளிப் போட்டாரா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

பூங்கொடி:

அண்ணா, அந்த டீ போட்டவரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் பட்டாளத்துக்காரர் மகள், வெலிங்டன் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். டேராடூன் அகாடமியில் அப்போதைய பிரிட்டிஷ் இந்தியத் தளபதி செட்வுட் 1932இல் பேசியது எங்கள் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். நாட்டின் பாதுகாப்பும் மானமும் முதலில், உன் ஆட்களின் மானமும் நலமும் அடுத்து, உன் சுகம் கடைசியில் என்று. சின்ன வயதில் எனக்கு அது ரொம்பத் தெளிவான வரிசையாகத் தெரிந்தது. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் முட்டிக்கொண்டால் முதலாவது. ஆனால் மேலே இருந்து வருகிற உத்தரவு எல்லாமே ‘நாடு’ என்கிற முதல் வரியில் சேர்ந்துவிடுமா? உத்தரவு போட்டவரின் பிடிவாதமோ பயமோ எந்த வரியில் வரும்? அப்பாவிடம் ஒரு தடவை கேட்டேன். ‘போய்ப் படி’ என்றார்.

மலைப்பாதை, நீங்கள் 19ஆம் தேதியைப் பிடித்துக்கொண்டீர்கள். எனக்கு அதைவிடப் பெரியது 10ஆம் தேதி. நீங்களே சொல்லுங்கள், எங்களில் பலருக்குத் தெரியாது.

மலைப்பாதை:

ஆமாம், அதை விட்டிருக்கக்கூடாது.

9 பஞ்சாப்பிலிருந்து சுமார் 50 பேரை ஆற்றைத் தாண்டி சேங் ஜோங் என்ற இடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அனுப்பச் சொன்னவர் ஜெனரல் கௌல், அப்போதுதான் 4வது கோர் (டிவிஷனுக்கு மேலான படைப்பிரிவு) என்று புதிதாக உருவாக்கி அதற்குத் தலைவராக வந்தவர், போர்க்களத்தில் ஒரு பட்டாலியனைக்கூட நடத்திய அனுபவம் இல்லாதவர். 10ஆம் தேதி காலை சீனர்கள் ஒரு பட்டாலியன் அளவுக்கு வந்து அந்த 50 பேர் மேல் விழுந்தார்கள். கௌல் தென்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். முதல் அலையைப் பஞ்சாபிகள் அடித்துத் துரத்திவிட்டார்கள், அடுத்தது வருகிறது. அவர்களுடைய மேஜர் மோர்ட்டார், மெஷின்கன் துணை கேட்கிறார், நாங்கள் விலகி வர மறைப்புக் கொடுங்கள் என்று.

டால்வி கொடுக்கவில்லை.

காரணம் இருந்தது. தென்கரையிலிருந்து சுட ஆரம்பித்தால் சீனர்கள் திரும்பி மொத்த பிரிகேடையும் அடிப்பார்கள், கையில் இருக்கும் குண்டுகள் அரை மணி நேரத்துக்குக்கூடக் காணாது. மேட்டில் தனியாக மாட்டிக்கொண்ட 50 பேருக்காக ஆற்றங்கரையில் திறந்தவெளியில் நிற்கும் மற்ற எல்லோரையும் பணயம் வைக்க வேண்டும். அவர் ஐம்பதை விட்டார். அன்று பின்வாங்க உத்தரவு வந்து பஞ்சாபிகள் ஆற்றைத் தாண்டித் திரும்பினார்கள், எல்லோரும் இல்லை.

இதற்கு என்ன பெயர் வைப்பது? உத்தரவுக்கும் ஆட்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அன்றைக்கு அவர் மாட்டிக்கொண்டது தன் ஆட்களுக்கும் தன் ஆட்களுக்கும் நடுவில். பத்து நாள் கழித்து அந்த ‘மற்ற எல்லோரும்’ எப்படியும் அடிபட்டார்கள் என்பது நமக்குத் தெரியும், அன்றைக்கு அவருக்குத் தெரியாது.

கரிசல்காட்டான்:

சரி, 10ஆம் தேதி விஷயம் எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘பின்வாங்கினால் ஆட்கள் பிழைப்பார்கள்’ என்று நீங்கள் எல்லோரும் சும்மா எடுத்துக்கொள்கிறீர்களே, அதற்கு என் பதில் சே லா.

நவம்பர் 17, 18. பிரிகேடியர் ஹோஷியார் சிங்கின் 62வது பிரிகேட் சே லா கணவாயில் உட்கார்ந்திருக்கிறது. நல்ல மேட்டு நிலம், பதுங்குகுழி, சரக்கு எல்லாம் இருக்கிறது, அவர் நின்று அடிக்கத் தயார். கீழே டிராங் சோங்கில் இருந்த டிவிஷன் தலைமைக்குத்தான் நடுக்கம், பின்னால் சாலையை வெட்டிவிட்டார்கள், மாட்டிக்கொள்வோம் என்று. பின்வாங்கச் சொல்கிறது, அவர் தயங்குகிறார், கடைசியில் கிளம்புகிறார்கள். ராத்திரி இருட்டில், குறுகலான மலைச் சாலையில், ஒருத்தன் பின்னால் ஒருத்தன். அந்த வழியில்தான் சிதறினார்கள். ஹோஷியார் சிங்கே சில நாள் கழித்து வழிமறிப்பில் சுடப்பட்டுச் செத்தார்.

ஆக அங்கே உத்தரவை மீறி நின்றிருந்தால் பிழைத்திருப்பார்கள், நம்கா சூவில் உத்தரவை மீறி ஓடியிருந்தால் பிழைத்திருப்பார்கள். இதை எந்த விதியில் எழுதுவீர்கள்?

(‘ஓடியிருந்தால்’ என்றது தப்பு. பின்வாங்கியிருந்தால்.)

வக்கீல்வண்டி:

கரிசல், இது நல்ல பாயின்ட். என் கட்சிக்காரரை மாற்றிக்கொள்ளலாமா என்று பார்க்கிறேன்.

நான் கவனித்த ஒன்று காகிதம். செப்டம்பர் 22 டெல்லிக் கூட்டத்தில், விரட்டுவதில் இருக்கும் ஆபத்தைத் தரைப்படைத் தலைவர் தாப்பர் எடுத்துச் சொல்கிறார். யாரும் மசியவில்லை. உடனே அவர் என்ன செய்தார்? எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள் என்றார். பாதுகாப்பு அமைச்சகத்தின் இணைச் செயலர் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நாட்டையே போருக்குள் இழுத்த உத்தரவில் இணைச் செயலர் கையெழுத்து! தாப்பர் அதை வாங்கிக் கீழே அனுப்பிவிட்டார். கோர்ட்டில் நாங்களும் இதைத்தான் செய்வோம், ஆட்சேபணையைப் பதிவு செய்துவிட்டு மேலே நடத்துவோம். ஆனால் எங்கள் கட்சிக்காரர் மேல்முறையீட்டுக்குப் போகலாம், ஜவானுக்கு அது கிடையாது.

மலைப்பாதை:

அந்தக் காகிதம் கீழே இறங்கின வழியைப் பாருங்கள். தாப்பரிடமிருந்து கிழக்குக் கட்டளையின் சென், அவரிடமிருந்து 33வது கோரின் உம்ராவ் சிங். இந்த உம்ராவ் சிங் ஒருத்தர்தான் அந்த வரிசையில் நன்றாக முரண்டு பிடித்தவர். தோலா போஸ்ட்டையே கொஞ்சம் தெற்கே நகர்த்திவிடலாம் என்றார். தாக்க வேண்டும் என்றால் இவ்வளவு சரக்கு, இவ்வளவு குண்டு, இத்தனை துப்பாக்கி வந்து சேரட்டும், அதுவரை முடியாது என்று எழுதியே கொடுத்தார். படைவீரனைக் காப்பாற்ற ஒரு ஜெனரல் சட்டத்துக்கு உட்பட்டு என்னவெல்லாம் செய்யலாமோ அதைச் செய்தார்.

பலன்? அவரைச் சிறையில் போடவில்லை, பதவி நீக்கவில்லை. நேஃபாவை (இன்றைய அருணாசலம்) மட்டும் அவர் கையிலிருந்து எடுத்து, 4வது கோர் என்று புதிதாக ஒன்றைப் பிறப்பித்து, ‘ஆகட்டும் சார்’ என்று சொல்லும் கௌலை உட்கார வைத்தார்கள். நேர்மையாக மறுத்ததால் டால்விக்கு மேலே இருந்த ஒரே கேடயமும் போயிற்று. எனக்கு இதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. மறுக்கிற மனிதன் விலகியதும் அந்த நாற்காலி காலியாக இருக்காது, மறுக்காத ஒருவன் வந்துவிடுவான். 19ஆம் தேதி டால்வி ராஜினாமா செய்திருந்தாலும் அப்படித்தான், 20ஆம் தேதி விடிகாலையில் அந்த ஆற்றங்கரையில் வேறொரு பிரிகேடியர் இருந்திருப்பார், அதே ஆட்களோடு.

இத்தனைக்கும் கௌலே 18ஆம் தேதி வாக்கில் மூச்சுத்திணறலோடு டெல்லி போய்ச் சேர்ந்துவிட்டார், வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு உத்தரவு அனுப்பிக்கொண்டிருந்தார். ஏட்டுச் சுரைக்காய் கூட இல்லை இது.

யாழ்நிலவன்:

நீங்கள் எல்லோரும் மலையில் நடந்ததையே கதைக்கிறீர்கள். எங்கட ஊரில் நடந்ததையும் சொல்லுகிறேன்.

1987 அக்டோபர் 11 இரவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து மைதானத்தில் இந்தியப் படை ஹெலியில் இறங்கியது. பாரா கமாண்டோக்கள் நூறு பேருக்கு மேல், பிறகு 13 சீக்கிய இலகு காலாட்படையில் 30 பேர். புலிகள் முன்பே தெரிந்து காத்திருந்தார்கள். ஹெலிகள் அடிபட்டதால் அடுத்த அணிகளை இறக்க முடியவில்லை. அந்த 30 பேரில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். அந்த இரவில் கொக்குவில் சனம் பட்ட பாட்டையும் இந்தக் கணக்கில் போடுங்கோ, அதிகாரிகள் தங்கட ஆட்களைப் பற்றி மட்டும் யோசிக்கிற இடத்தில் மற்றவர்கள் எண்ணிக்கையிலேயே வருவதில்லை.

அப்போது 54வது டிவிஷன் தலைவர் மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங். அதற்கு ஒரு மாதம் முன்பு, பேச்சுக்கு வரும் பிரபாகரனைச் சுட்டுவிடும்படி இந்தியத் தூதரிடமிருந்து தனக்குச் சொல்லப்பட்டது, பேச்சுக்கு வருகிறவரை முதுகில் சுடுவது ராணுவத்தின் வழக்கமில்லை என்று தான் மறுத்தேன் என்று அவரே பின்னாளில் எழுதினார். வக்கீல் ஐயா சொன்ன ‘சட்டப்படியான’ என்ற சொல் இதற்குப் பொருந்தும். ஆனால் ஒரு மாதம் கழித்து, அந்த மைதானத்தில் இறங்கு என்ற உத்தரவு போய்ச் சேர்ந்ததே. ஒன்றை மறுக்க அவருக்கு வழி இருந்தது, மற்றதில் அவருடைய பெயரே இருக்கிறது.

ஓய்வு_சிக்னல்ஸ்:

யாழ்நிலவன் தம்பி, நான் 88இல் அங்கே இருந்தவன். அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

மீறி ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களையும் சொல்ல வேண்டும். 1965இல் சகத் சிங்கின் டிவிஷன் சிக்கிம் எல்லையில், நாது லா கணவாயில். காலி பண்ணச் சொன்னார்கள், பக்கத்து டிவிஷன் ஜெலெப் லாவைக் காலி பண்ணிவிட்டு இறங்கியது, இவர் இறங்கவில்லை. நாது லா இன்றைக்கும் நம்மிடம், ஜெலெப் லாவில் அன்றைக்கே சீனன் வந்து உட்கார்ந்துவிட்டான். அதே வருஷம் பஞ்சாபில் ஹர்பக்ஷ் சிங், பியாஸ் ஆற்றுக்குப் பின்னால் போ என்று தளபதி சொன்னதற்கு முடியாது என்றேன் என்று எழுதியிருக்கிறார். அந்த நாட்களில்தான் அசல் உத்தரில் பாகிஸ்தான் டாங்கிகள் கரும்புக்காட்டுச் சேற்றில் மாட்டிக்கொண்டன. இருவருமே ‘நிற்கிறேன்’ என்று மறுத்தார்கள், கவனித்தீர்களா? ‘போகிறேன்’ என்று மறுத்து நல்ல பெயர் வாங்கியவரை நான் பார்த்ததில்லை. எங்கள் கேப்டன் சாப் பாட்டரியைக் கழற்றச் சொன்னதும் அதனால்தான். நேராக மறுத்தால் கோழை என்று ஒரு வார்த்தை விழும், அது பென்ஷன் வரைக்கும் கூடவே வரும்.

பூங்கொடி:

அண்ணா, அந்தக் கேப்டனை அப்புறம் பார்த்தீர்களா?

ஓய்வு_சிக்னல்ஸ்:

ஒரு தடவை. வருஷங்கள் கழித்து ஒரு கேன்டீன் வரிசையில், அவர் கர்னலாகிவிட்டிருந்தார். எனக்கு முன்னால் நின்றார், என்னை அடையாளம் தெரிந்தது. குடும்பம், பிள்ளைகள் எல்லாம் விசாரித்தார். பாட்டரி பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான் என் சாமான் பையைத் தூக்கும்போது மட்டும், ‘அந்த லாக் புத்தகம் உங்களுக்குத் தொந்தரவு கொடுத்ததா?’ என்று கேட்டார். இல்லை சாப் என்றேன். கொடுத்தது, ஒரு விசாரணை நடந்தது, ஒரு வருஷம் புரமோஷன் தள்ளிப்போனது. அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

கரிசல்காட்டான்:

அண்ணாச்சி, அப்போ அவர் 11 பேரைக் காப்பாற்ற உங்களைக் கொடுத்திருக்கிறார்.

ஓய்வு_சிக்னல்ஸ்:

நானும் அந்த 11 பேரில் ஒருத்தன்தானே தம்பி.

மலைப்பாதை:

டால்வி கதையில் விட்டுப்போனதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 20ஆம் தேதி விடிகாலை, சீனர்கள் ராத்திரியே இடைவெளிகள் வழியாக ஆற்றைத் தாண்டி ராஜ்புத், கூர்க்கா நிலைகளுக்குப் பக்கவாட்டில் வந்து நின்றிருந்தார்கள். குண்டு விழ ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் டெலிபோன் கம்பிகள் அறுந்துவிட்டன. சிக்னல்ஸ் அண்ணாவுக்கு இது புரியும், அதற்கப்புறம் டால்வி உத்தரவு போட நினைத்தாலும் கேட்க யாரும் இல்லை. பின்வாங்க அனுமதி கிடைத்துத் தன் சின்னக் குழுவோடு நடந்தவர் 22ஆம் தேதி சீனர்களிடம் பிடிபட்டார், 1963 மே மாதம்தான் திரும்பினார். ராஜ்புத்தின் கர்னலும் காயத்தோடு பிடிபட்டார்.

திரும்பி வந்தபிறகு அந்தப் போன் பேச்சையும், மோர்ட்டாரை மறுத்ததையும் டால்வி தானே எழுதி வைத்தார். 19ஆம் தேதி ராத்திரிக்கு என் பதில் இன்னும் ஆட்டம் காண்கிறது, கரிசலின் சே லாவுக்குப் பிறகு இன்னும் மோசம். செப்டம்பரில் உம்ராவ் சிங் எழுதிய கடிதத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு ஜெனரல்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த 19ஆம் தேதியே வந்திருக்காது என்று மட்டும் தோன்றுகிறது. பிரிகேடியர் வரைக்கும் வந்துசேர்ந்தபோது அது கேள்வியாகவே இல்லை.

வக்கீல்வண்டி:

இரண்டு கையெழுத்து போதாது, மூன்று. சென், தாப்பர், அப்புறம் அந்த இணைச் செயலர் பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டும். நாளை கோர்ட் இருக்கிறது, பிறகு வருகிறேன்.